ஜன்னல் பக்கம் மாறிய வீடு

அத்தியாயம் 14

காலை ஆறரை மணிக்கு அந்த வீட்டில் மூன்று பேருக்கும் ஒரே குளியலறை, ஒரே கண்ணாடி, ஒரே அவசரம். "உள்ளே என்ன குடித்தனமா நடத்துற?" என்று யாராவது ஒருவர் கதவைத் தட்டாமல் பொழுது விடிந்ததில்லை. அன்றைக்கு யாரும் தட்டவில்லை.

பெரியவள் கண்ணாடி முன்னால் நின்று, வெள்ளைக் கோட்டின் இடது பக்கத்தில் தன் சின்னக் கடிகாரத்தைக் குத்திக்கொண்டிருந்தாள். நர்சுகள் குத்திக்கொள்ளும் கடிகாரம். பார்க்கிறவர்களுக்குத் தலைகீழாகத் தொங்கும். போட்டிருப்பவள் குனிந்தால் நேராகத் தெரியும். அவள் படிப்பை முடித்த அன்று அப்பா வாங்கிக் கொடுத்தது. பதின்மூன்று வருடமாக அது அந்த இடத்தை விட்டு நகர்ந்ததில்லை.

ஊசி விரலில் குத்தியது.

முந்தாநாள் மத்தியானத்திலிருந்து இப்படித்தான். எதைத் தொட்டாலும் குத்துகிறது.

பெரியவள் நர்சிங் கல்லூரியில் டீச்சர். தங்கை சின்னு அதே கல்லூரியில் கடைசி வருட மாணவி. வீட்டுக்குள் 'அக்கா', கல்லூரி கேட்டைத் தாண்டினால் 'மேடம்' என்று நாக்கைப் பழக்கி வைத்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன்னால் பெரியவள் ஒற்றைக் காலில் நின்று ஆன்லைன் பிரிவு ஒன்றைத் தொடங்கினாள். கல்யாணத்தோடு படிப்பை விட்டவர்கள், பகலில் வேலைக்குப் போகிறவர்கள், தூரத்தில் இருப்பவர்கள் என்று நாற்பத்திரண்டு பேர் சேர்ந்தார்கள். பாடமெல்லாம் போனில். வருடத்துக்கு ஆறு வாரம் மட்டும் வார்டுக்கு வந்து கைப்பயிற்சி.

அந்த நாற்பத்திரண்டில் ஒருத்திதான் தொட்டில்காரி. கைக்குழந்தைக்காரி. வகுப்பில் கேள்வி கேட்டு அவள் மைக்கைத் திறந்தால், பதில் வருவதற்கு முன்னால் தொட்டில் கிறீச்சிடும் சத்தம் வரும். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொண்டதில்லை. "தொட்டில் நின்னா நானும் நின்னுடுவேன் மேடம், பரவாயில்லையா?" என்று சிரிப்பாள்.

முந்தாநாள் அவள் ஆண்கள் வார்டில், பதினொன்றாம் கட்டில் முதியவருக்கு ஈ.சி.ஜி. எடுத்தாள். கைக்கும் காலுக்குமாக நான்கு கிளிப்புகள். சிவப்பு வலது கைக்கு, மஞ்சள் இடது கைக்கு. அவள் கை இரண்டையும் மாற்றி மாட்டிவிட்டாள். காகிதத்தில் கோடு தலைகீழாக வந்து விழுந்தது. முந்தைய நாள் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்த இளம் டாக்டர் பதறிப்போய், மாரடைப்பு என்று ரத்தம் உறையாமலிருக்க ஓர் ஊசியைப் போட்டு, கட்டிலோடு தீவிர சிகிச்சைக்குத் தள்ளிக்கொண்டு ஓடினார். அங்கே மறுபடி எடுத்தால், இதயத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முதியவருக்கு வயிற்றில் புண். அந்த ஊசி அவருக்கு ஆகவே ஆகாது. ரத்தம் கக்கிவிடுவாரோ என்று இரண்டு நாளாக எல்லோரும் கண்கொத்திப் பாம்பாகக் காத்துக் கிடக்கிறார்கள்.

முதியவரின் மகன் புகார் எழுதிக் கொடுத்துவிட்டான். இன்று பதினொரு மணிக்கு விசாரணை. தொட்டில்காரியைக் கல்லூரியிலிருந்து நீக்கும் கடிதம் நேற்றே தயாராகிவிட்டதாக ஆபீஸில் பேச்சு.

"பெரியவளே, பல்லுக்கு ஏதாவது மாத்திரை இருக்கா?"

அப்பா வாசலில் குனிந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை தாடையைப் பிடித்திருந்தது. அவர் கம்பெனி பஸ் ஓட்டுநர். காலையில் ஒரு நடை, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு நடை, ஐம்பது தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு.

"எந்தப் பல்லுப்பா?"

"அது தெரிஞ்சா பிடுங்கிப் போட்டுடுவேனே! கீழ இந்தப் பக்கம் முழுக்க இழுக்குது. மாடிப்படி ஏறினா வருது, உக்காந்தா போயிடுது. அதென்ன பல்லோ, என் சம்பளம் மாதிரி வர்றதும் தெரியல, போறதும் தெரியல."

வேறொரு நாளாக இருந்தால் பெரியவள் திரும்பிப் பார்த்திருப்பாள். அன்றைக்கு அவள் காதில் பதினொரு மணி மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"சாயங்காலம் பல் டாக்டர்ட்ட போலாம்பா."

"சரி சரி. நீ உன் பஞ்சாயத்தப் பாரு. எதுக்கும் பயப்படாதே. நீ தப்பாச் சொல்லிக் கொடுக்கற ஆளா?"

அவர் படியிறங்கிப் போய்விட்டார். அந்தக் கடைசிக் கேள்வி மட்டும் வாசலிலேயே நின்றது.

சின்னு கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டு அதன் மேலேயே சாய்ந்து நின்றாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் உக்காரேன்."

"உக்கார நேரமில்லடி. பெரிய மேடம் ஒன்பது மணிக்கே வரச் சொல்லியிருக்காங்க."

"அந்த ஈ.சி.ஜி. வீடியோவ நீ பாத்திருக்கியா?"

"நான் எடுத்தத நானே எதுக்குப் பாக்கணும்?"

"ஒரு தடவகூட?"

"என் குரலக் கேட்டா எனக்கே யாரோ திட்டற மாதிரி இருக்கும். எடுத்தோம், ஏத்தினோம், முடிஞ்சுது. ஏன், என்ன இப்ப?"

சின்னு அக்காவின் போனை எடுத்து, வீடியோவைப் போட்டு நீட்டினாள்.

ஏழு நிமிட வீடியோ. இதே முன்னறை, இதே கட்டில். நோயாளியாக அப்பா படுத்திருக்கிறார், சட்டைப் பித்தான் கழுத்து வரை போட்டபடி. 'என் தொப்பையை ஊருக்கே காட்டணுமா?' என்று அன்றைக்கு அவர் சட்டையைக் கழற்ற மறுத்துவிட்டார். அதனால் நெஞ்சில் ஒட்டுகிற பாகத்தைப் பெரியவள் படம் வரைந்து நடத்தினாள். வீடியோவில் கைகால் கிளிப்பு மட்டும்தான்.

திரையில் பெரியவள் குனிகிறாள். "நல்லா பாத்துக்கங்க. சிவப்பு இந்தக் கைக்கு. மஞ்சள் இந்தக் கைக்கு. புரியுதா? இந்தக் கை, இந்தக் கை."

வகுப்பில் எதிரே பிள்ளைகளை உட்காரவைத்துக்கொண்டு பேசிப் பழகிய வாய். வலது, இடது என்று அது சொல்வதே இல்லை. கையால் தொட்டுக் காட்டும்போது சொல்ல வேண்டிய தேவையும் இருந்ததில்லை.

சின்னு படத்தை நிறுத்தினாள்.

"அக்கா, நம்ம ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?"

"என்னடி கேள்வி இது?"

"அப்பா படுத்தா ஜன்னல் அவருக்கு எந்தக் கைப் பக்கம்? அங்க பாரு. அப்புறம் இங்க பாரு."

பெரியவள் கட்டிலைப் பார்த்தாள். ஜன்னல் இடது கைப் பக்கம். பிறந்ததிலிருந்து அங்கேதான் இருக்கிறது. திரையைப் பார்த்தாள். அதே ஜன்னல், அதே கம்பி, அதே திரைச்சீலை. அப்பாவின் வலது கைப் பக்கம்.

வேறு யாருடைய வீட்டையோ பார்ப்பது போல இருந்தது.

"உன் கடிகாரத்தையும் பாரு" என்றாள் சின்னு, மெதுவாக.

திரையில் அது வலது மார்பில் தொங்கியது.

பெரியவளின் கை தன்னையறியாமல் கோட்டின் இடது பக்கத்துக்குப் போய்க் கடிகாரத்தைப் பொத்திக்கொண்டது. இருக்கிறது. இடத்தில்தான் இருக்கிறது. படம்தான் பக்கம் மாறியிருக்கிறது. அப்படியென்றால் சிவப்புக் கிளிப்பு?

அவள் போனைப் பிடுங்கி மறுபடி ஓட்டினாள். நிஜத்தில் அவள் வலது கையில்தான் மாட்டினாள். பார்க்கிறவர்களுக்கு அது இடது கையில் போய் உட்கார்ந்தது.

"எப்படிடி இது?"

"நீதானே அன்னைக்குச் சொன்ன? 'கிளிப்பு தெரியுதான்னு நான் பாத்துக்கிட்டே மாட்டறேன், என் பக்கமாத் திருப்பி வை'னு. அதனால முன் கேமராவுல எடுத்தேன். கண்ணாடி மாதிரி காட்டுமே, அதுல. அந்தப் பழைய போன் அப்படியே சேமிச்சு வெச்சிடுச்சு போல. எனக்குத் தெரியாதுக்கா. சத்தியமாத் தெரியாது." சின்னுவின் கண்ணில் நீர் தளும்பியது. "நேத்து தொட்டில்காரி அழுதத நினைச்சு சும்மா போட்டுப் பாத்தேன். ஜன்னலப் பாத்ததும் தூக்கிவாரிப் போட்டுது."

"அப்ப இத்தனை நாளா வார்டுல எல்லாரும் எப்படி..."

"பெண்கள் வார்டுல புது மிஷின். கிளிப்புலயே எழுத்து இருக்கு, எழுத்தப் பாத்து மாட்டிடுவாங்க. ஆண்கள் வார்டுல இருக்கறது பழசு. எழுத்தெல்லாம் தேஞ்சு போச்சு. நிறம் மட்டும்தான்."

பெரியவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். உட்கார நேரமில்லை என்று சொன்னவள்.

"அக்கா, இப்ப நான் சொல்றதக் கேளு." சின்னு முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நெருங்கினாள். "அஞ்சு நிமிஷம் போதும். இத எடுத்துட்டு, திருப்பிச் சரிபண்ணி மறுபடி ஏத்திடலாம். யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் உனக்கு நிரந்தர வேலைக்கான கடிதம் வருது. எத்தனை வருஷமாக் காத்திருக்க!"

"அந்தப் பொண்ணு?"

"அவ புத்தகத்தையும் படிச்சிருக்கா இல்ல? பரிச்சையில சரியாத்தான் எழுதியிருக்கா. கையில தப்புப் பண்ணா அவ கவனமில்லைன்னுதான் சொல்வாங்க."

"நீ என்ன சொல்ற?"

சின்னு பார்வையைப் போன் பக்கம் திருப்பினாள்.

திரையின் மூலையில் சின்னதாக ஒரு குப்பைக்கூடைப் படம். தொட்டால் போதும். பெரியவளின் கட்டைவிரல் அதன் மேலே கொஞ்ச நேரம் நின்றது. கொஞ்ச நேரம் என்பது எவ்வளவு என்று பிறகு யோசித்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

போனை அணைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள். என்ன செய்யப் போகிறாள் என்று தங்கையிடம் சொல்லவில்லை. சொல்ல அவளுக்கும் தெரியவில்லை.

முதியவரின் மகனைச் சமாதானப்படுத்துவதிலேயே நேரம் போய், பதினொரு மணி விசாரணை ஒரு மணிக்குத்தான் தொடங்கியது. அறையில் நான்கு நாற்காலிகள். ஒன்றில் கல்லூரி முதல்வர், எல்லோருக்கும் பெரிய மேடம். பக்கத்தில் ஆண்கள் வார்டு சிஸ்டர். எதிரே பெரியவள். கதவோரத்தில் தொட்டில்காரி, உட்காரச் சொல்லாததால் நின்றுகொண்டே இருந்தாள். சுவர்க் கடிகாரத்தை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டு வந்திருந்தாள்.

"பதினொன்னாம் கட்டில் எப்படி இருக்கார்?" என்றார் பெரிய மேடம்.

"காலையில கஞ்சி குடிச்சார் மேடம். வாந்தி இல்ல. 'என்னை வெச்சு ரேஸ் விட்டீங்களே, யாரு ஜெயிச்சது?'ன்னு கேக்கறார்" என்றார் வார்டு சிஸ்டர்.

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அறையில் எல்லோருக்கும் மூச்சு கொஞ்சம் இறங்கியது.

"அவர் பிழைச்சது நம்ம அதிர்ஷ்டம்." பெரிய மேடம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நர்சிங் கையால கத்துக்கற தொழில்னு ரெண்டு வருஷம் முன்னாடி தொண்டை கிழியக் கத்தினேன். போன்ல நீச்சல் பாத்துட்டு ஆத்துல குதிக்க முடியுமான்னு கேட்டேன். கேக்கல. காலம் மாறிப்போச்சுன்னீங்க."

"மேடம், இந்த நாப்பத்திரண்டு பேர் வேற எப்படியும் படிச்சிருக்க முடியாது" என்றாள் பெரியவள்.

"படிக்காம இருந்திருந்தா பதினொன்னாம் கட்டில் நிம்மதியாத் தூங்கியிருப்பார்."

சுருக்கென்றது.

பெரிய மேடம் ஒரு தாளை அவள் பக்கம் நகர்த்தினார். "ஆன்லைன் எனக்குப் பிடிக்காது, உங்களுக்குத் தெரியும். ஆனா காலேஜ் பேர் கெடறது அதைவிடப் பிடிக்காது. வெளிய அவர் மகன் ஒரு பேர் கேட்டுக்கிட்டு நிக்கறான். இது மாணவியோட கவனக்குறைவு, கற்பித்தலில் குறையில்லைன்னு நீங்க கையெழுத்துப் போட்டா விஷயம் இதோட முடியும். உங்க பிரிவும் நடக்கும். உங்க வேலையும் நிரந்தரமாகும்."

தாளின் பக்கத்தில் பேனா. மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தார்.

நல்ல வார்த்தைகள்தான். 'கவனக்குறைவு.' ஒருத்தி வாழ்க்கையை மடித்து உறையில் போட அளவான சொல்.

"நீ ஏதாவது சொல்றியா?" என்று பெரிய மேடம் கதவுப் பக்கம் கேட்டார், கேட்க வேண்டுமே என்று.

தொட்டில்காரி இரண்டு கையையும் கோத்துக்கொண்டாள். "தப்புப் பண்ணது நான்தான் மேடம். இல்லைன்னு சொல்லல. ஆனா கவனமில்லாமப் பண்ணல. எனக்கே புரியல. கை அதுவாப் போச்சு."

"கை எப்படி அதுவாப் போகும்?"

"அந்த வீடியோவ நூறு தடவயாவது பாத்திருப்பேன் மேடம். பழகறதுக்கு எங்க வீட்டுல மிஷின் ஏது? துணி காயப்போடற கிளிப்பு நாலு நிறத்துல வாங்கினேன். குழந்தைய மடியில போட்டுக்கிட்டு, அது சட்டைக் கையில, பேன்ட் காலுல மாட்டி மாட்டிப் பழகினேன். இப்பல்லாம் கிளிப்பப் பாத்தாலே அது தானாக் கைய நீட்டும்." சொல்லும்போதே அவள் உதடு கோணியது. "அப்படிப் பழகினதுதான் மேடம்."

வார்டு சிஸ்டர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

பெரியவள் கேட்டாள். குரல் அவளுடையது போலவே இல்லை. வீடியோவில் கேட்டது போலத் தள்ளி எங்கிருந்தோ வந்தது.

"சிவப்புக் கிளிப்ப உன் குழந்தையோட எந்தக் கையில மாட்டுவ?"

தொட்டில்காரி கண்ணை மூடி, மடியில் குழந்தை இருப்பது போலக் கையை நீட்டிப் பார்த்தாள். "இந்தக் கையில மேடம்."

இடது கை.

"பரிச்சையில என்ன எழுதின?"

"வலது கைன்னு. புத்தகத்துல அப்படித்தானே இருக்கு?" அவள் கண்ணைத் திறந்தாள். "அப்ப ரெண்டும்..."

பெரியவள் பேனாவை எடுத்தாள். மூடியைப் போட்டாள். தாளின் மேல் வைத்தாள்.

"மேடம், அந்தத் திரைய இறக்கச் சொல்லுங்க. ஒண்ணு காட்டணும்."

"இப்ப பாடம் நடத்தப் போறீங்களா?"

"ஏழு நிமிஷம்."

சுவர்த் திரையில் அப்பா பெரிதாகப் படுத்திருந்தார். சட்டைப் பித்தான் கழுத்து வரை. "சிவப்பு இந்தக் கைக்கு. மஞ்சள் இந்தக் கைக்கு" என்று அவள் குரல் அறை முழுக்கக் கேட்டது. பெரியவள் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய், படத்தில் இருக்கும் தன்னோடு தோளுக்குத் தோள் நின்றாள். சபையைப் பார்த்து.

"மேடம், என் கடிகாரம் எந்தப் பக்கம்?"

பெரிய மேடம் கண்ணாடியை மாட்டினார். அவளைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். எழுந்து மேசையைச் சுற்றிக்கொண்டு திரைக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"படம் கண்ணாடி மாதிரி பதிவாகியிருக்கு மேடம். இந்தப் பொண்ணு நூறு தடவ பாத்தது தப்பான பக்கத்த. நான் வாயால வலது இடதுன்னு ஒரு தடவகூடச் சொல்லல. ஏத்தறதுக்கு முன்னாடி ஒரு தடவகூடப் பாக்கல. கற்பித்தலில் குறையில்லைன்னு எழுதியிருக்கீங்க. குறை அங்கதான் இருக்கு."

"யார் படம் பிடிச்சது?"

"நான் சொன்னபடி பிடிச்சாங்க. பொறுப்பு என்னோடது."

தொட்டில்காரி கதவில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வார்டு சிஸ்டர் எழுந்து போய் அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பெரிய மேடம் திட்டுவார் என்று பெரியவள் காத்திருந்தாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திரும்பி வந்து நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

"இத ஏத்தறதுக்கு முன்னாடி எனக்கு அனுப்பினீங்க. நான் பாத்தேன். எங்கயாவது ஒரு குத்தம் கிடைக்காதான்னு மூணு தடவ பாத்தேன்." அவர் குரல் தாழ்ந்தது. "கிடைக்கல. கையெழுத்துப் போட்டேன். முப்பத்தொரு வருஷ சர்வீஸ்."



பிறகு அவர் நிமிர்ந்தார். நீக்கும் கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்துத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டார். "இந்தப் பொண்ண நீக்கலை. அவர் மகன்கிட்ட நானே போய்ப் பேசறேன். ஆனா இன்னையிலேருந்து ஆன்லைன் வகுப்பு நிறுத்தம். இன்னும் எந்த வீடியோவுல என்ன பக்கம் மாறியிருக்கோ, யாருக்குத் தெரியும்? திங்கக்கிழமையிலேருந்து நாப்பத்திரண்டு பேரும் தினம் நேர்ல வரணும். முடியாதவங்க விலகிக்கலாம். உங்க வேலை விஷயம்..." அவர் பெரியவளைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லாததுதான் பயமாக இருந்தது. "கமிட்டிக்குப் போகும்."

வராந்தாவில் தொட்டில்காரி முகத்தைக் கழுவிக்கொண்டு நின்றாள். பெரியவள் பக்கத்தில் போனாள். நன்றி சொல்வாள் என்று எதிர்பார்க்கவில்லை. இருந்தாலும் மனசு ஓர் ஓரத்தில் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தது.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"கேளு."

"நீங்க என்னைக் காப்பாத்தினீங்களா, வெளிய அனுப்பினீங்களா?"

தொட்டில்காரி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"தினம் வரணும்னா குழந்தைய எங்க விடுவேன்? பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் பாப்பாங்க, ரெண்டு நாள் பாப்பாங்க. தப்பான வீடியோன்னா சரியான வீடியோ போடுங்கன்னு நீங்க சொல்லியிருக்கலாமே மேடம். ஏன் சொல்லல?"

ஏன் சொல்லவில்லை? உண்மையைச் சொன்ன கையோடு தன் பாரம் இறங்கிவிட்டது. இறக்கி வைத்தது யார் தலையில் என்று பார்க்கவில்லை.

"திங்கக்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு" என்றாள் பெரியவள். "ஆறு வாரப் பயிற்சிய மூணு மாசமாக்கி, பாடத்த மட்டும் போன்ல வெச்சுக்கலாம்னு எழுதித் தர்றேன். அவங்க காலப் பிடிக்கணும்னாலும் பிடிக்கறேன். நீ அதுக்குள்ள விலகல் கடிதம் எழுதிடாதே."

தொட்டில்காரி நம்பினாளா என்று தெரியவில்லை. தலையாட்டினாள். இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

"மேடம், இன்னொண்ணு. உள்ள சொல்லப் பயமா இருந்துது. ஆறு வாரம் முன்னாடி ஓட்டுநர்களுக்கு உடல் பரிசோதனை முகாம் போட்டாங்களே? அன்னைக்கு ஈ.சி.ஜி. மேசையில நான்தான் உக்காந்திருந்தேன்."

"எந்த மிஷின்?"

"பழசுதான். எழுத்து தேஞ்சது. நாப்பத்தேழு பேர். டாக்டர் பாவம், மலை மாதிரி தாள். பாத்தும் பாக்காம முத்திரை குத்திக்கிட்டே போனார். அதுல உங்க அப்பாவும் இருந்தார் மேடம். 'என்னைத் தெரியலையாம்மா? நான்தான் உங்க வீடியோ கதாநாயகன்'னு சிரிச்சுக்கிட்டே ரெண்டு கையையும் நீட்டினார்."

பெரியவள் ஏற்கனவே போனை எடுத்துவிட்டாள். சின்னுவுக்கு மத்தியானம் வகுப்பு இல்லை, வீட்டில்தான் இருந்தாள்.

"அலமாரியில அப்பா லைசென்ஸ் உறைக்குள்ள முகாம்ல கொடுத்த தாள் இருக்கும். எடு. சீக்கிரம்."

"என்னாச்சுக்கா? விசாரணை..."

"எடுடீ!"

இழுப்பறை திறக்கும் சத்தம். காகிதச் சரசரப்பு.

"எடுத்துட்டேன். மேல பச்சை முத்திரை. 'தகுதி'ன்னு."

"முதல் கோடு மேல பாத்து இருக்கா, கீழ பாத்தா?"

கடைசி வருட மாணவி அவள். கேள்வி எதற்கென்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

"கீழ பாத்துக்கா" என்றாள். "தலைகீழா இருக்கு."

அப்படியென்றால் அந்தத் தாளில் எதையும் நம்ப முடியாது. அப்பாவின் இதயம் எப்படி இருக்கிறது என்று இன்றைய தேதிக்கு யாருக்கும் தெரியாது.

மாடிப்படி ஏறினால் வருது. உட்கார்ந்தால் போயிடுது.

ஒவ்வொரு வருடமும் முதல் மாதமே அவள் நடத்துகிற பாடம் அது. 'இதய வலி நெஞ்சிலதான் வரும்னு காத்திருக்காதீங்க. கையில வரும், முதுகுல வரும், தாடையில பல்லு வலி மாதிரிகூட வரும். நடந்தா வரும், உக்காந்தா போகும்.' எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறாள்! இன்று காலை ஆறரை மணிக்கு அதே வார்த்தையை அதே வரிசையில் ஒருவர் அவளுக்கே சொன்னார். அவள் பல் டாக்டரிடம் போகலாம் என்றாள்.

அப்பாவின் எண்ணை அழுத்தினாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஸ்டீயரிங் பிடித்த கை போனைப் பிடிக்காது என்பது அவருடைய சட்டம். முப்பது வருடத்தில் ஒரு தடவைகூட மீறியதில்லை என்று அதைப் பெருமையாக வேறு எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள்.

கம்பெனி எண்ணுக்குப் போட்டாள்.

"அப்பாவாம்மா? இப்பத்தான் வண்டிய எடுத்தார். ஏன்மா, வீட்டுல ஏதாவது அவசரமா? பல்லப் பிடிச்சுக்கிட்டே ஏறினார் பாவம். மாத்தி வேற ஆள அனுப்பட்டுமான்னு கேட்டேன். பல்லு வலிக்கெல்லாம் லீவு போடறவன் நான் இல்லைன்னுட்டார்."

"வண்டியில எத்தனை பேர்?"

"ஐம்பத்திரண்டு."

"அவர நிறுத்தச் சொல்ல வழி இருக்கா?"

"அவர் போன எடுத்தாத்தானேம்மா?"

தொட்டில்காரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆட்டோ கூப்பிடறேன் மேடம்" என்று கேட்டை நோக்கி ஓட ஆரம்பித்திருந்தாள்.

பெரியவள் குனிந்து கடிகாரத்தைப் பார்த்தாள். ஊருக்கெல்லாம் தலைகீழாகத் தொங்குகிற அது, அவளுக்கு மட்டும் நேராகக் காட்டியது.

இரண்டு மணி ஏழு நிமிடம். பஸ் கிளம்பி ஏழு நிமிடம் ஆகியிருந்தது.